யானையின் எல்லை எவ்வளவு?

செம்பனைக் கன்று நட்ட இடத்தில் யானைக்கூட்டம் இறங்கினால், விடியும்போது குருத்தெல்லாம் பிடுங்கப்பட்டுக் கிடக்கும். "யானை நம் தோட்டத்துக்குள் புகுந்துவிட்டது" என்கிறோம். யானையைக் கேட்டால், தன் இடத்தில்தான் நடந்தேன் என்று சொல்லும். அந்த இடத்தை எப்படி அளப்பது?

நம்மையே எடுத்துக்கொள்வோம். விடியற்காலையில் லயத்திலிருந்து பெரட்டுக்குப் போகிறோம், பிறகு நிரைக்கு, மாலையில் கடைக்கு, வெள்ளிக்கிழமை கோயிலுக்கு. இவற்றைப் புள்ளிகளாக வைத்து, வெளிப்புறப் புள்ளிகளைக் கோட்டால் இணைத்தால் நம் நடமாட்ட எல்லை கிடைக்கும். ஆனால், நாம் ஒருநாளும் கால் வைக்காத சதுப்பும் அதற்குள் அகப்பட்டிருக்கும். ஆகவே, புள்ளிகள் எங்கே நெருங்கி விழுகின்றன என்பதையும் பார்க்க வேண்டும்.

யானைக்கும் இதே கணக்குத்தான். மயக்க ஊசி செலுத்திக் கழுத்தில் பட்டை கட்டுகிறார்கள். முற்காலப் பட்டையில் வானொலி அலைக்கருவி இருந்தது. அதன் ஒலியைத் தேடி ஆட்கள் காட்டில் அலைந்தார்கள். இன்று துணைக்கோளின் உதவியால் இடம் தானே பதிவாகிறது. ஒரு வாரப் பதிவு போதாது. மழைக்காலம், பழக்காலம் எல்லாம் அதில் அடங்க வேண்டும்.

தீபகற்ப மலேசியாவில் ஆராய்ந்த ராபர்ட் ஒலிவியர் 1978-இல் தந்த கணக்கைப் பாருங்கள். பழங்காட்டில் யானையின் எல்லை சுமார் 167 சதுர கிலோமீட்டர். வெட்டியபின் மீண்டும் வளர்ந்த காட்டில் சுமார் 60. ஏக்கரில் சொன்னால் ஏறக்குறைய 41,000, 15,000. பெரிய காட்டில் ஏன் கூடுதல் இடம்? அங்கே இலையெல்லாம் துதிக்கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது. நிழல் விழுந்த தரையில் புல்லும் தளிரும் குறைவு. வயிறு நிறைய நெடுந்தூரம் நடக்க வேண்டும். வெளிச்சம் விழும் காட்டோரத்திலோ பந்தி விரித்ததுபோல் தீனி கிடைக்கிறது. நம் தோட்டங்களும் அந்த ஓரத்தில்தானே இருக்கின்றன!

தீபகற்பத்திலும் போர்னியோவிலும் 102 யானைகளைப் பின்தொடர்ந்த ஆய்வு 2022-இல் வெளிவந்தது. ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட புள்ளிகள்! பெரும்பாலான யானைகள் பாதி நேரத்துக்கு மேல் பாதுகாக்கப்பட்ட காடுகளுக்கு வெளியிலேயே இருந்தன. காட்டை ஒதுக்கிவிட்டோம், யானை அங்கேயே இருக்கட்டும் என்பது நடக்கிற காரியமாக நமக்குத் தோன்றவில்லை.

1974 முதல் வனவிலங்கு இலாகா, பயிரை அழிக்கும் யானைகளைப் பிடித்து வேறு காடுகளில் விட்டுவருகிறது. விடப்போகும் காட்டில் அத்தனை ஆயிரம் ஏக்கர் இருக்கிறதா, அங்கே ஏற்கெனவே வேறு கூட்டம் நடமாடுகிறதா என்று பார்ப்பதற்கும் இந்த அளவுதான் வேண்டும்.