பழைய புல்லட் இரண்டு: எதை வாங்குவது?

சென்ற மார்கழியில் என்னுடைய பழைய மாணவர் ஒருவர் வீட்டிற்கு வந்தார். துறைமுகத்தில் ஷிப்டு வேலை பார்ப்பவர். "சார், ஒரு பழைய புல்லட் வாங்கப் போகிறேன். இரண்டு வண்டி பார்த்து வைத்திருக்கிறேன். எதை எடுப்பது என்று தெரியவில்லை. நீங்கள் வந்து பார்த்துச் சொல்ல வேண்டும்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. நான் பௌதிகம் சொல்லிக் கொடுப்பவன், மெக்கானிக் அல்லன். அதுவும் அவருடைய தந்தையார் திருவொற்றியூர் புல்லட் தொழிற்சாலையில் இன்ஜின் பகுதியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

"அப்பாவைக் கேட்க வேண்டியதுதானே?" என்றேன்.

"அப்பாவுக்குக் காது சரியாகக் கேட்பதில்லை சார். கண்ணிலும் புரை. அவருக்காகத்தான் வாங்குகிறேன். அவர் வேலை பார்த்த காலத்து வண்டி ஒன்று வாசலில் நிற்க வேண்டும். இரண்டு வருஷத்து ஓவர்டைம் பணம், தப்பாகப் போய்விடக் கூடாது."

ஞாயிற்றுக்கிழமை காலையில் மூவரும் புறப்பட்டோம். என் பையில் ஒரு காந்தம், காசிமேட்டில் வாங்கிய வலை பின்னும் நூல் ஓர் உருண்டை, ஒரு சிறு டார்ச் விளக்கு. பெரியவர் நீளமான ஸ்குரூ டிரைவர் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டார்.

புல்லட்டின் கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கலாம். அந்தப் பெயரை வைத்தது இங்கிலாந்தில் ரெட்டிச் என்னும் ஊரிலிருந்த ராயல் என்ஃபீல்டு கம்பெனி. நம் இராணுவம் எல்லைக் காவலுக்கு அந்த வண்டியைத் தேர்ந்தெடுத்தது. அதன் பிறகு, 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸுடன் கூட்டுச் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா உருவாயிற்று. மறு ஆண்டே திருவொற்றியூரில் தொழிற்சாலை திறக்கப்பட்டது. 1970-க்குள் ரெட்டிச்சில் உற்பத்தி நின்றுபோயிற்று. நம் திருவொற்றியூரிலோ அதே வார்ப்பிரும்பு இன்ஜின், பெரிய மாற்றம் ஏதும் இல்லாமல், அரை நூற்றாண்டுக்கு மேல் செய்யப்பட்டு வந்தது. 1977-இல் இங்கிருந்து இங்கிலாந்துக்கே ஏற்றுமதியும் தொடங்கியது. இதை நான் பெருமைக்காக மட்டும் சொல்லவில்லை. ஓர் இன்ஜின் அத்தனை காலம் மாறாமல் செய்யப்பட்டால், அதன் உதிரி பாகங்கள் இன்றும் கடையில் கிடைக்கும். எங்கள் முடிவுக்கு இது பின்னால் உதவியது.

முதல் வண்டி இராயபுரத்தில், மீன்பிடித் துறைமுகத்திற்குப் பின்புறத் தெருவில் நின்றது. கறுப்பு வண்ணம் கண்ணாடி போல் மின்னியது. இரண்டாவது திருவொற்றியூரில், ரயில் பாதைக்கு மேற்கே ஒரு வீட்டின் உள் தாழ்வாரத்தில், சாக்கால் மூடப்பட்டுக் கிடந்தது. வண்ணம் மங்கி, இன்ஜினைச் சுற்றி எண்ணெய் கசிந்து, அதன்மேல் புழுதி படிந்து பார்க்கவே சகிக்கவில்லை. இரண்டும் 1980-களில் செய்யப்பட்டவை. விலையிலும் பெரிய வேறுபாடு இல்லை. மாணவரின் கண் எந்த வண்டியின்மேல் இருந்தது என்று சொல்ல வேண்டியதில்லை.

முதலில் அமுக்கச் சோதனை. புல்லட் 350-இன் உருளை விட்டம் 70 மி.மீ., பிஸ்டனின் வீச்சு 90 மி.மீ. π/4 × 7² × 9 என்று கணக்கிட்டால் 346 க.செ.மீ. வரும். பழைய வண்டிகளில் அமுக்க விகிதம் 6.5. வெப்பநிலை மாறாது என்று வைத்துக்கொண்டால், பாயில் விதிப்படி உள்ளே அழுத்தம் 6.5 வளிமண்டலம் ஆகும். பிஸ்டனின் பரப்பு ஏறத்தாழ 38.5 ச.செ.மீ. ஆகவே அதைக் கீழ்நோக்கித் தள்ளும் நிகர விசை 200 கிலோகிராம் எடைக்கும் அதிகம்! அறுபது கிலோ எடையுள்ள ஒருவர் கிக்கரை மிதித்து இதை வெல்கிறாரே, எப்படி? நெம்புகோலும் பற்சக்கரங்களும் செய்யும் உதவிதான்.

சாவியைப் போடாமல், கிக்கர் கெட்டியாகத் தடுக்கும் இடம்வரை மெல்ல அழுத்தி, அதன்மேல் முழு எடையையும் ஏற்றி நிற்க வேண்டும். நல்ல இன்ஜினானால் சிறிது நேரம் தாங்கிவிட்டு, காற்று கசியக் கசிய மெல்ல இறங்கும். இராயபுரம் வண்டி பன்னிரண்டு எண்ணும்வரை தாங்கியது. திருவொற்றியூர் வண்டி நான்கு எண்ணுவதற்குள் இறங்கிவிட்டது. மாணவர் என்னைப் பார்த்தார். பெரியவர் ஒன்றும் பேசாமல் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்தத் துளை வழியே ஒரு கரண்டி எண்ணெயை ஊற்றி, பிளக்கை மாட்டி, "இப்ப ஏறி நில்லுடா" என்றார். இம்முறை பத்துவரை தாங்கியது. எண்ணெய் பிஸ்டன் வளையங்களைச் சுற்றி நின்று இடுக்கை அடைத்துவிட்டது. கசிவு வால்வில் இருந்திருந்தால் எண்ணெயால் பயன் இருந்திராது. வளையமும் உருளையும் தேய்ந்திருக்கின்றன. லேத் பட்டறையில் உருளையைக் கடைந்து, சற்றுப் பெரிய பிஸ்டன் போட்டால் சரியாகிவிடும்.

அடுத்து வண்டியைக் கிளப்ப வேண்டும். பழைய புல்லட்டைக் கிளப்புவதே ஓர் அழகான பௌதிகப் பாடம். முகப்பு விளக்கின் மேல் ஓர் அம்மீட்டர் இருக்கும். சாவியைப் போட்டுக் கிக்கரை மெல்ல நகர்த்தினால் முள் இடப்பக்கம் சாயும். பாயிண்டுகள் மூடியிருப்பதால் மின்கலத்திலிருந்து சுருளுக்கு மின்னோட்டம் போகிறது என்று பொருள். அமுக்க வீச்சின் முடிவில் பாயிண்டுகள் விலகும்போது முள் நடுவுக்கு வந்துவிடும். பொறி பிறக்கும் கணம் அதுதான். அங்கே நிறுத்தி, டீகம்பிரஸர் நெம்பைப் பிடித்து அழுத்தத்தை வெளியேற்றி, பிஸ்டனைச் சற்றே உச்சி தாண்டச் செய்துவிட்டு, பிறகு ஓர் உதை. தெரியாமல் உதைப்பவரைக் கிக்கர் திருப்பி உதைக்கும். அதை வாங்கியவர்கள் மறக்கமாட்டார்கள், நானும் மறக்கவில்லை.

இராயபுரம் வண்டி முதல் உதையிலேயே கிளம்பியது, புகையும் இல்லை. திருவொற்றியூர் வண்டி ஏழாவது உதையில் கிளம்பித் தாழ்வாரம் முழுவதையும் நீலப் புகையால் நிரப்பியது. நீலப் புகை என்றால் எண்ணெய் எரிகிறது. கரும்புகை என்றால் பெட்ரோல் மிகுதி. ஆனால் நெடுநாள் நின்ற புல்லட்டில் எண்ணெய்த் தொட்டியிலிருந்து எண்ணெய் மெல்லக் கசிந்து இன்ஜினின் அடியில் சேர்ந்துவிடும். அது எரிந்து தீரும்வரை புகைதான். எனவே பத்து நிமிடம் காத்திருந்தோம். புகை பாதியாகக் குறைந்தது, முழுவதும் நிற்கவில்லை. வளையம் தேய்ந்ததற்கு இது இன்னொரு சாட்சி.

இப்போது பெரியவரின் முறை. ஸ்குரூ டிரைவரின் நுனியை இன்ஜினின்மேல் வைத்து, கைப்பிடியைக் காதுக்குப் பின்னாலுள்ள எலும்பில் அழுத்திக்கொண்டு கண்ணை மூடினார். காற்றில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 340 மீட்டர். எஃகில் சுமார் 5000 மீட்டர். வேகத்தைவிட முக்கியமானது, அதிர்வு காற்றுக்குள் இறங்காமல் எஃகிலிருந்து நேராக எலும்புக்குப் போவது. அவருக்குக் கோளாறு செவிப்பறையில் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். உட்செவி நன்றாகவே இருக்கிறது. எலும்பு வழியே வரும் ஒலிக்குச் செவிப்பறை தேவையில்லை. தெருவில் நாம் கத்தினாலும் கேட்காத மனிதருக்கு, இன்ஜினுக்குள் நடப்பது எங்களைவிடத் தெளிவாகக் கேட்டது.

"பிக் எண்ட் நல்லா இருக்கு. பிஸ்டன்தான் அடிக்குது. சூடானா குறையும் பாருங்க" என்றார். குறைந்தது. பிஸ்டன் அலுமினியக் கலவை, உருளை வார்ப்பிரும்பு. வெப்பத்தில் அலுமினியம் இரும்பைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு விரியும். ஆகவே சூடேறும்போது இடைவெளி சுருங்கி ஓசை அடங்குகிறது.

இதுவரை இராயபுரம் வண்டிக்கே வெற்றி. அதை வாங்கச் சொல்லியிருப்பேன், பையில் காந்தம் இல்லாதிருந்தால்.

காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிக்கொண்டு (வண்ணத்தில் கீறல் விழக்கூடாதல்லவா?) மறுபடியும் இராயபுரம் சென்று பெட்ரோல் டாங்கின்மேல் நகர்த்தினேன். மேற்புறத்தில் நன்றாகப் பிடித்தது. அடிப்பக்கம் வந்ததும் வழுக்கி விழுந்தது. பின் மட்காப்பிலும் இரண்டு இடங்களில் அப்படியே. காந்தத்தின் ஈர்ப்பு தொலைவு கூடக் கூட விரைவாகக் குறையும். நடுவே இரண்டு மூன்று மி.மீ. பட்டி பூசியிருந்தால் போதும், பிடி தளர்ந்துவிடும். துருப்பிடித்த தகட்டைப் பட்டியால் நிரப்பி மேலே வண்ணம் அடித்திருக்கிறார்கள். டாங்கையும் மட்காப்பையும் மாற்றிவிடலாம். அவை அப்படித் துருத்திருந்தால் சேசிஸ் எப்படி இருக்கும் என்பதுதான் கேள்வி.

கடலோரக் காற்றில் நுண்ணிய உப்புத் துளிகள் மிதந்து வருகின்றன. உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து இரும்பின்மேல் ஒரு மெல்லிய கரைசலாகப் படியும். அந்தக் கரைசல் மின்னைக் கடத்தும். உடனே இரும்பின் பரப்பிலேயே சின்னஞ்சிறு மின்கலங்கள் உண்டாகின்றன: ஓரிடத்தில் இரும்பு அணு எலக்ட்ரான்களை இழந்து கரைகிறது, பக்கத்தில் ஆக்சிஜனும் நீரும் அவற்றை ஏற்றுக்கொள்கின்றன. விளைவு துரு. குளோரைடு அயனிகள் ஓரிடத்தையே பற்றிக் குழி பறிக்கும். வண்ணம் அடித்தாலும் உள்ளே அகப்பட்ட உப்பு வேலையை நிறுத்துவதில்லை.

டார்ச் அடித்துப் பார்த்தோம். ஆசனத்தின் கீழே பின்புறக் குழாய்கள் சேரும் இணைப்பில் வண்ணம் கொப்பளித்திருந்தது. பெரியவர் நகத்தால் சுரண்டினார். செதில் செதிலாக உதிர்ந்தது. ஸ்குரூ டிரைவரின் கைப்பிடியால் குழாயைத் தட்டினார்: மேலே கணீரென்ற ஓசை, இணைப்பருகே மொத்தென்ற ஓசை. மெல்லிய குழாயின் வளையாத் தன்மை அதன் சுவர்த் தடிமனுக்கு நேர்விகிதத்தில் இருக்கும். தடிமன் பாதியானால் வலுவும் பாதி. அதோடு குழிகளின் நுனியில் தகைவு குவியும். நிமிடத்துக்கு 3000 சுற்றில் ஒரு மணி நேரம் ஓட்டினால் பிஸ்டன் வண்டியை 1,80,000 முறை உலுக்குகிறது. எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே, பள்ளத்தில் இறங்கி ஏறும்போது அந்த இணைப்பு விரிசல் விட்டால் என்ன ஆகும்? இன்னொரு சங்கடமும் உண்டு. பதினைந்து ஆண்டு கடந்த வண்டிக்குப் பதிவைப் புதுப்பிக்கும்போது சேசிஸ் எண்ணைப் பார்ப்பார்கள். இந்த வண்டியின் எண்ணில் இரண்டு இலக்கங்கள் துருவில் மங்கியிருந்தன.

திருவொற்றியூர் வண்டியின் குழாய்களைத் துடைத்துப் பார்த்தபோது எனக்கே வியப்பு. எண்ணெயும் புழுதியும் கலந்த அந்த அசிங்கமான பூச்சுக்குக் கீழே தொழிற்சாலை வண்ணம் அப்படியே இருந்தது. கசிந்த எண்ணெய் இத்தனை ஆண்டுகளாக நீரையும் உப்பையும் அண்டவிடாமல் காத்திருக்கிறது!

கடைசியாக நூல் சோதனை. முன் பின் டயர்கள் ஒரே அகலமானால், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இழுத்துப் பிடித்த நூல் பின் டயரை இரண்டு இடத்திலும் முன் டயரை இரண்டு இடத்திலும் தொட வேண்டும். தொடாவிட்டால் சட்டகம் வளைந்திருக்கலாம். திருவொற்றியூர் வண்டியில் முன் டயருக்கும் நூலுக்கும் இடையே ஒரு விரல் இடைவெளி! மாணவர் முகம் வாடிவிட்டது. பெரியவர் பின் சக்கரத்தின் இரு பக்கமும் உள்ள நத்தை வடிவச் செயின் சரிக்கட்டிகளை விரலால் தடவி, பற்களை எண்ணினார். ஒரு பக்கம் இரண்டு பல் கூடுதல். அதைத் திருத்தியதும் நூல் நான்கு இடத்திலும் தொட்டது.

"இன்ஜினை நான் பார்த்துக்குவேன் சார். துருவின சேசிஸை யார் பார்த்துக்குவா?" என்றார் பெரியவர்.

திருவொற்றியூர் வண்டியையே வாங்கினார்கள். உருளையைக் கடையும் செலவை விற்பவர் விலையில் கழித்துக்கொண்டார். தை மாதத்தில் பெரியவர் புதிய வளையங்களைத் தம் கையாலேயே மாட்டினார். கண் தெரியாத இடத்தில் மகன் டார்ச் பிடித்தார். விட்டம் இப்போது 70.5 மி.மீ., வீச்சு அதே 90. புதிய கொள்ளளவைக் கணக்கிட்டுப் பாருங்கள். பதிவுப் புத்தகத்தில் இன்னமும் 346 என்றுதான் இருக்கிறது.