தீ அணைக்கும் வண்டிக்குள் கேமிரா! டிரைவரை மட்டும் பார்த்தால் போதுமா?

டிரைவர் முகத்துக்கு நேரே ஒரு கண்! திடீர் என்று பிரேக் போட்டால் படம். சட்டென்று வண்டியை வளைத்தால் படம்.

அமெரிக்காவில் தீ அணைக்கும் வண்டி, ஆம்புலன்சு டிரைவர்களைக் கண்காணிக்க வந்திருக்கும் கேமிரா இது. நிர்வாகம் இதைக் கொண்டுவந்தால் தொழிலாளர் சங்கம் சும்மா இருக்குமா?

இதுபற்றிய விவரம் வருமாறு:-

12 வினாடி

"டிரைவ்கேம்" என்பது இந்த ரகத்தில் பேர் பெற்ற பெட்டி. ஒரு லென்சு ரோட்டைப் பார்க்கும். இன்னொன்று டிரைவரைப் பார்க்கும். வண்டி பலமாகக் குலுங்கினால் போதும். அதற்கு முந்திய 8 வினாடி, பிந்திய 4 வினாடி, ஆக 12 வினாடி படம் தனியே எடுத்து வைக்கப்படும். எங்கோ ஆபீசில் இருப்பவர் அதைப் போட்டுப் பார்த்து மார்க் போடுவார்.

தகராறு இங்கேதான். தீ எரியும் இடத்துக்கு ஓடுகிற வண்டி குலுங்காமல் போகுமா? குறுக்கே ஓடி வந்தவனைக் காப்பாற்ற பிரேக் போட்டவர் கெட்ட டிரைவரா?

நிர்வாகம் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அமெரிக்காவில் பணியின்போது சாகும் தீ அணைக்கும் வீரர்களில் மாரடைப்புக்கு அடுத்தபடி அதிகம் பேரை பலி வாங்கி வந்திருப்பது வாகன விபத்துதான். அதனால்தான் வேகம், பிரேக், சீட்டு பெல்ட்டு எல்லாவற்றையும் பதிவு செய்யும் கறுப்புப் பெட்டி புது வண்டிகளில் வேண்டும் என்று 2009-ம் ஆண்டு விதிமுறையிலேயே சேர்த்துவிட்டார்கள்.

பாஸ்டனில் நடந்தது

அதே 2009-ம் ஆண்டு ஜனவரி 9-ந்தேதி. பாஸ்டன் நகரில் 26-ம் நம்பர் ஏணி வண்டி செங்குத்தான மேட்டில் இருந்து இறங்கியது. பிரேக் பிடிக்கவில்லை! தறிகெட்டு ஓடிய வண்டி, ரோட்டைத் தாண்டி செங்கல் கட்டிடத்தில் மோதியது. 52 வயது லெப்டினன்ட் பரிதாபமாக இறந்தார். 3 வீரர்கள் காயம் அடைந்தார்கள்.

பிரேக் பராமரிப்பு சரி இல்லை என்று மத்திய அரசு நிறுவனத்தின் விசாரணையில் தெரிந்தது. டிரைவர் முகத்தைப் படம் பிடித்திருந்தால் என்ன தெரிந்திருக்கும்? அவர் பிரேக்கை மிதித்தது தெரிந்திருக்கும். ஒர்க்ஷாப்பில் விட்ட கோட்டை தெரிந்திருக்குமா?

தலைமையே போட்ட தடை

சான்பிரான்சிஸ்கோ கதை வேறு. 2013 ஜூலை 6-ந்தேதி விமான நிலையத்தில் ஏசியானா விமானம் நொறுங்கியது. வெளியே தூக்கி எறியப்பட்ட 16 வயது சீன மாணவி மீது தீ அணைக்கும் வண்டி ஏறியது. ஒரு அதிகாரியின் ஹெல்மெட் கேமிராவில் அந்த நேரத்துக் காட்சிகள் பதிவாகி இருந்தன.

அடுத்த மாதமே படைத் தலைவர், ஹெல்மெட் கேமிராவும் கூடாது என்று அறிவித்தார். நோயாளிகள், வீரர்கள் ஆகியோரின் அந்தரங்கம் கெடும் என்பது காரணம். அந்தரங்கம் என்பது டிரைவர் சீட்டில் இருப்பவருக்கும் உண்டுதானே!

சங்கம் கேட்பது

படத்தை யார் பார்ப்பது? எத்தனை நாள் வைப்பது? தண்டனை கொடுக்கும் முன் டிரைவருக்குக் காட்டுவீர்களா? சங்கங்களின் கேள்விகள் இவை. கேமிராவை வைத்துவிட்டுப் பேசாதீர்கள், பேசிவிட்டு வையுங்கள் என்பதுதான் அவர்கள் கட்சி.

தனியார் கம்பெனிகளில் மறைவாக கேமிரா வைப்பதானால் சங்கத்தோடு பேசவேண்டும் என்று தேசியத் தொழிலாளர் உறவு வாரியம் 1997-லேயே தீர்ப்பு சொல்லி இருக்கிறது. தீ அணைக்கும் படை அரசு வேலை. அங்கே அந்தந்த மாநிலச் சட்டம்தான் பேசும்.

கேமிரா பொய் சொல்லாது. ஆனால் எதைக் காட்டினோமோ அதைத்தான் சொல்லும். சைரன் கேட்டு ஒதுங்கி நிற்கிற நமக்கு டிரைவரும் ஒழுங்காக ஓட்டவேண்டும். வண்டியின் பிரேக்கும் ஒழுங்காகப் பிடிக்கவேண்டும்.