வேலையற்ற வேளையில் மின்சாரம் உண்ணும் செயலி

மடிக்கணினியைத் திறந்து வைத்துவிட்டு, எழுதுவதை நிறுத்திச் சற்றே சிந்தனையில் ஆழ்ந்திருக்கிறோம். அவ்வேளையில் கணினிக்கு வேலை ஏதும் இல்லை. ஆயினும் அதன் அடிப்பாகம் சுடுகிறது. விசிறி ஓய்வின்றிச் சுழல்கிறது. மின்கலத்தின் இருப்பும் விரைந்து குறைகிறது. இதனால் விளையும் நஷ்டம் சிறிதன்று. 50 வாட்-மணி கொள்ளளவுள்ள மின்கலம், கணினி 5 வாட் வீதம் செலவிட்டால் 10 மணி நேரம் தாங்கும். 10 வாட் வீதம் செலவிட்டால் 5 மணி நேரமே தாங்கும். மின்தடை நேரும் ஊரில் பயிலும் மாணவருக்கு இவ்வேறுபாடு ஒரு பகற்பொழுதின் படிப்பாகும். மேலும், உஷ்ணம் மிகுந்தால் மின்கலத்தின் ஆயுளும் குறையும். மின்கலமே பழுதாயிற்று எனக் கருதிப் புதியது வாங்குவோர் உளர். குறையோ வேறிடத்தில் இருக்கக்கூடும்.

செயலி உறங்கும் விதம்

செயலியிலுள்ள டிரான்சிஸ்டர்கள் நிலை மாறும்போதெல்லாம் சிறிது சக்தி செலவாகிறது. இச்செலவு கடிகாரத் துடிப்பின் வேகத்திற்கும், மின்னழுத்தத்தின் வர்க்கத்திற்கும் நேர் விகிதத்தில் அமைகிறது. அன்றியும், நிலை மாறாதிருக்கும் டிரான்சிஸ்டர்களின் வழியாகவும் சிறிதளவு மின்சாரம் கசிகிறது. கடிகாரத்தை நிறுத்தினால் முதல் வகைச் செலவு நிற்கும். கசிவையும் நிறுத்த வேண்டுமாயின் அப்பகுதிக்குச் செல்லும் மின்சாரத்தையே துண்டித்தல் வேண்டும்.

இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா ஆகிய நிறுவனங்கள் 1996-ல் வெளியிட்ட ஏ.சி.பி.ஐ. என்னும் விதிமுறை இவ்வுறக்கத்தைப் படிகளாக வகுத்தது. சி-0 என்பது விழித்துப் பணி செய்யும் நிலை. சி-1, சி-2 என எண் உயர உயர உறக்கம் ஆழமாகும், செலவு குறையும், ஆனால் விழித்தெழக் கூடுதல் நேரம் பிடிக்கும். செயலி முழுவதும் ஒருங்கே ஆழ்ந்து உறங்க வேண்டுமாயின், அதன் கருக்கள் யாவும் உறங்க வேண்டும். அதனோடு இணைந்த சாதனங்களும் இசைய வேண்டும். வீட்டில் ஒருவர் படித்துக்கொண்டிருக்கும் வரை கூடத்து விளக்கை அணைக்க இயலாதன்றோ!

உறக்கத்தைக் கலைப்பவை யாவை?

செயலியின் பணிப்பளு 2 சதவீதமே எனத் திரை காட்டலாம். அதைக் கண்டு திருப்தி அடைந்துவிடலாகாது. அந்தச் சிறு பணி ஒரே மூச்சில் முடிந்தால், எஞ்சிய நேரமெல்லாம் செயலி உறங்கும். அதே பணி விநாடிக்கு ஆயிரம் துணுக்குகளாகச் சிதறி வந்தால், ஆழ்ந்த உறக்கமே கிட்டாது. ஆகவே, பணியின் அளவைக் காட்டிலும் விழிப்புகளின் எண்ணிக்கையே இங்கு முக்கியமானது. விண்டோஸ் அமைப்பின் காலங்காட்டி இயல்பாக 15.6 மில்லிவிநாடிக்கு ஒருமுறை துடிப்பது. ஒரு நிரல் கேட்டுக்கொண்டால் அது 1 மில்லிவிநாடிக்கு ஒருமுறை துடிக்கத் தொடங்கும்.

சாதனங்களாலும் இக்கேடு விளையும். ஓய்வு நிலைக்குச் செல்லாத யு.எஸ்.பி. கருவி, சிக்கன நிலை முடக்கப்பட்ட இணைப்புத் தடம், அணைக்கப்படாத தனி வரைகலைச் சில்லு ஆகியவை செயலியை விழிப்பிலேயே நிறுத்தக்கூடும். அல்லது தாமே மின்சாரத்தை உண்ணும்.

ஆராயும் முறை

முதற்கண் அளத்தல் வேண்டும். மின்னூட்டியை நீக்கி, திரையின் ஒளியை ஒரே அளவில் நிறுத்தி, நிரல்களை மூடிவிட வேண்டும். கணினியைத் துவக்கியவுடன் பல பின்னணிப் பணிகள் நடைபெறும். ஆதலால் கால் மணி நேரம் பொறுத்துச் செலவைக் குறித்துக்கொள்ள வேண்டும். அளக்கும் நிரலும் செயலியை எழுப்பும் என்பதை மறக்கலாகாது. 10 விநாடிக்கு ஒருமுறை அளந்தால் போதும்.

இரண்டாவதாக, எழுப்புவது எது எனக் காண வேண்டும். லினக்ஸ் அமைப்பிற்கென இன்டெல் நிறுவனம் 2007-ல் வெளியிட்ட பவர்டாப் என்னும் நிரல், எந்த நிரல் அல்லது சாதனம் விநாடிக்கு எத்தனை முறை எழுப்புகிறது என்பதையும், ஒவ்வோர் உறக்கப் படியிலும் கழிந்த நேரத்தின் சதவீதத்தையும் காட்டும். விண்டோஸில் பவர்சிஎஃப்ஜி என்னும் கட்டளையை 'எனர்ஜி' என்ற குறிப்புடன் இட்டால், அது 60 விநாடிகள் கணினியைக் கவனித்து அறிக்கை தரும்.

மூன்றாவதாக, அவ்வறிக்கையைப் பகுத்துணர வேண்டும். கருக்களே உறங்கவில்லையெனில், ஏதேனும் ஒரு நிரலையோ இடையறாது குறுக்கிடும் சாதனத்தையோ ஐயுறலாம். கருக்கள் உறங்கியும் செயலி முழுமையாக உறங்கவில்லையெனில், சாதனங்களையே ஐயுற வேண்டும். வெளிக் கருவிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மீண்டும் அளக்க வேண்டும். பின்னர் பயாஸ் அமைப்பில் உறக்கப் படிகள் முடக்கப்பட்டுள்ளனவா எனவும் பார்த்தல் நன்று.

ஒரு சமயத்தில் ஒரே மாற்றத்தைத்தான் செய்ய வேண்டும். எல்லாச் சிக்கன அமைப்புகளையும் ஒருங்கே இயக்கினால் சுட்டெலி தாமதித்து இயங்கலாம். வட்டு இணைப்பின் மிகக் கடுமையான சிக்கன நிலையால் சில வட்டுகளில் தரவுகள் சேதமுற்றதும் உண்டு. ஆகவே, முன்னதாகவே தரவுகளுக்குப் படி எடுத்து வைப்பது அவசியம்.

இச்சோதனைகளுக்குச் செலவு ஏதுமில்லை. சிறிது பொறுமையும், எண்களைக் குறித்துவைக்க ஒரு தாளுமே தேவை. புதிய மின்கலத்திற்குப் பணம் கொடுக்குமுன் இவற்றைச் செய்து பார்ப்பது நலம்.