வரையாட்டைச் சுட்டே காப்பாற்ற முடியுமா?

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு பைக்கில் போனவங்களுக்கு ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவு கண்டிப்பா ஞாபகம் இருக்கும். ரோட்டோரப் பாறை மேல நம்மளக் கண்டுக்காம நிக்கிற வரையாடு, நம்ம மாநில விலங்கு. இதைச் சுட்டால் இன்று ஜெயில்தான். ஆனால் நூறு வருடத்துக்கு முன்னால் லைசென்ஸ் வாங்கிக்கொண்டு சுடலாம். அந்த லைசென்ஸ்தான் வரையாட்டைக் காப்பாற்றியது என்று வாதிடுபவர்களும் உண்டு. அது எந்த அளவுக்கு உண்மை?

முதலில் வரலாறு. 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேய அதிகாரிகளும் தோட்ட முதலாளிகளும் நீலகிரியிலும் ஆனைமலையிலும் கணக்கு வழக்கில்லாமல் சுட்டார்கள். சுட ஒன்றும் மிஞ்சாது என்ற பயம் வந்தபோது, 1877இல் வேட்டைக்காரர்களே ஒரு சங்கம் தொடங்கினார்கள். 1879இல் நீலகிரி வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் வந்தது. லைசென்ஸ் கட்டாயம், சில மாதங்கள் வேட்டை கூடாது, பெட்டையையும் குட்டியையும் தொடக் கூடாது. முதுகில் வெள்ளி நிறம் படர்ந்த முதிர்ந்த கிடாயை மட்டும் சுடலாம். ஆங்கிலத்தில் அதற்குப் பெயர் 'சேடில்பேக்'.

கேட்க நியாயமாகத்தான் இருக்கு. அசலைத் தொடாமல் வட்டியை மட்டும் எடுப்பது மாதிரி. ஒரு கிடாய் பல பெட்டைகளோடு சேரும் என்பதால், சில கிடாய்கள் குறைந்தாலும் குட்டிகளின் எண்ணிக்கை பெரிதாகக் குறையாது. ஆப்பிரிக்கப் புல்வெளிகளில் காட்டெருமை, மான் வேட்டைக்கு ஒதுக்கீடு போடுவதும் இந்தக் கணக்கை வைத்துத்தான்.

இப்ப நம்ம ஸ்டைல்ல போட்டுப் பார்ப்போம். ஒரு மலையில் 100 வரையாடு, அதில் 10 சேடில்பேக், ஒவ்வொரு வருடமும் புதிதாக 3 கிடாய் அந்த வயதை எட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். இயற்கையாக எதுவும் சாகாது என்றால்கூட வருடத்துக்கு 3 தான் எல்லை. ஆனால் நாம் 100 என்று எண்ணியது உண்மையில் 70 ஆக இருந்தால்? இருப்பது 7, வருவது 2. நாம் 3 சுடுகிறோம். வருடத்துக்கு ஒன்று குறைந்து, ஏழே வருடத்தில் ஒன்றும் இருக்காது. இதுதான் ஃபீட்பேக் இல்லாத கண்ட்ரோல் சிஸ்டம். சென்சாரில் பிழை, அது தெரியவரும்போது வருடங்கள் ஓடியிருக்கும்.

சென்சார் பிழை கற்பனை இல்லைங்க. தமிழ்நாட்டில் 2024 கணக்கெடுப்பில் 1,031 வரையாடுகள், 2025இல் 1,303. ஒரே வருடத்தில் கால்வாசிக்கு மேல் கூடுதல். வழக்கமாக ஒரு ஈத்துக்கு ஒரு குட்டி போடும் விலங்கு அவ்வளவு வேகமாகப் பெருகாது. இரண்டாவது முறை கூடுதலான இடங்களில் தேடினார்கள் என்பது இதில் முக்கியக் காரணம். மேகம் மூடும் செங்குத்துப் பாறையில் எண்ணுவது அவ்வளவு கஷ்டம்.

அடுத்த சிக்கல் மரபணு. நம்ம ஊர் ஆட்டுப்பட்டியில் நல்ல வளர்த்தியான கிடாயைப் பொலிக்கு நிறுத்திவிட்டு மற்றதைத்தான் விற்பார்கள். பரிசுக் கொம்புக்காகச் சுடுபவர் செய்வது நேர் எதிர். கொம்பு பெரிதாக இருக்கும் கிடாயைத்தான் முதலில் எடுப்பார். கனடாவின் ஆல்பர்ட்டாவில் ராம் மவுண்டன் மலை ஆடுகளை முப்பது வருடங்கள் கவனித்த ஆய்வாளர்கள், இப்படித் தேர்ந்தெடுத்துச் சுட்டதால் கொம்பின் அளவே சிறுத்துப்போனதை 2003இல் வெளியிட்டார்கள்.

அப்படியானால் வேட்டையால் நல்லதே நடக்கவில்லையா? நடந்திருக்கு. பாகிஸ்தானில் மார்க்கோர் என்ற மலை ஆட்டைச் சுட வெளிநாட்டவர் கட்டும் பெரும் தொகையில் 80 சதவீதம் உள்ளூர் கிராமங்களுக்குப் போகிறது. அங்கே கிராமத்து ஆட்களே காவல் நிற்கிறார்கள். மறுபக்கம், 1977இல் வேட்டையை முழுக்கத் தடைசெய்த கென்யாவில் அதன் பிறகும் காட்டு விலங்குகள் பாதிக்கு மேல் குறைந்தன. தடை மட்டும் புல்வெளியைக் காக்காது.

நம்ம பக்கத்திலும் இதே பாடம்தான். மூணாறு தேயிலைத் தோட்டக்காரர்கள் வேட்டைக்காக ஒதுக்கி வைத்திருந்த இரவிகுளம், 1975இல் சரணாலயமாகி, 1978இல் தேசியப் பூங்காவானது. இன்று வரையாடுகள் மிக அதிகமாக வாழும் இடங்களில் ஒன்று. அங்கே காப்பாற்றியது துப்பாக்கி அல்ல, உடையாமல் இருந்த புல்வெளி. நீலகிரியில் சட்டம் இருந்தும் புல்வெளிகள் தேயிலை, சீகை, தைலமரக் காடுகளாக மாறின. ஆடு இருந்தாலும் மேய இடம் குறைந்துபோனது. அந்த லைசென்ஸ் முறையால் பலன் அடைந்தது யார் என்பதும் முக்கியம். காலங்காலமாகக் காட்டில் வேட்டையாடிய பழங்குடிகளுக்கு, சொந்த மண்ணிலேயே அது குற்றமாகிப் போனது.

1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு இங்கே அந்த அத்தியாயம் முடிந்தது. 1975இலேயே வரையாட்டை முறையாக ஆய்வு செய்த ஈ.ஆர்.சி. டேவிதாரின் நினைவாக அக்டோபர் 7 வரையாடு நாளாகக் கொண்டாடப்படுகிறது. 2022இல் அறிவித்த நீலகிரி வரையாடு திட்டத்துக்கு அரசு ஒதுக்கியது 25.14 கோடி ரூபாய்.

என் கருத்து இதுதான். சுமார் 1,300 விலங்குகள், அதுவும் துண்டு துண்டான மலைகளில் சிதறிக் கிடக்கும்போது, எடுப்பதற்கு வட்டி என்று ஒன்றும் இல்லை. ஆனால் மார்க்கோர் கதையில் ஒரு பாதி நமக்கும் வேணும், அதாவது காட்டோரத்தில் இருப்பவருக்கு விலங்கால் வருமானம். இப்போது தொண்டாமுத்தூர், காரமடை விவசாயிக்குக் காட்டு விலங்கு என்றால் நஷ்டம் மட்டும்தான். அந்தக் கோபத்தால்தான், காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் காட்டுப்பன்றியை வனத்துறையே சுடலாம் என்று 2025 ஜனவரியில் அரசு சொல்ல வேண்டி வந்தது. சுற்றுலா நுழைவுக் கட்டணத்தில் பங்கு, தாமதமில்லாத பயிர் இழப்பீடு, புல்வெளி மீட்பில் உள்ளூர் ஆட்களுக்கே வேலை. இதெல்லாம் நடந்தால், ஒரு தோட்டாகூடச் செலவில்லாமல் அந்தப் பாதி நமக்கும் கிடைக்கும்.