விரல் முந்தட்டும்: பிள்ளைகளுக்குச் செய்யுள் கற்பிக்கும் முறை



விஜயதசமி நாளில் ஆலயங்களில் நடைபெறும் வித்யாரம்பத்தைப் பார்த்திருப்பீர்கள். தாம்பாளத்தில் அரிசியைப் பரப்பி, குழந்தையின் விரலைப் பிடித்து முதல் எழுத்தை எழுத வைக்கிறோம். விரல் எழுதுகிறது, வாய் சொல்கிறது. அக்காலத் திண்ணைப் பள்ளிகளிலும் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிக்கொண்டே உரக்கச் சொல்லிப் படித்தார்கள். எழுத்துக்கு விரலைத் துணைக்கு அழைத்த நாம், செய்யுள் என்று வந்தவுடன் விரலை மறந்து நாக்கை மட்டும் பிடித்துக்கொண்டோம். அந்தத் தவற்றைப் பல ஆண்டுகள் செய்தவன் நான்.

ஆசிரியப் பணியில் சேர்ந்த புதிதில், தோட்டப்புறப் பள்ளி ஒன்றில் குறள் மனனப் போட்டிக்கு ஒரு மாணவனைத் தயார் செய்தேன். மேடையில் மூன்று சீர் சொன்னான். நான்காவது சீர் வரவில்லை. கீழே நின்று நான் கண்ணை உருட்டினேன். அழுதுகொண்டே இறங்கிப் போனான். பல ஆண்டுகளுக்குப் பிறகு அவரே நம் ஆலயத்தில் அன்னதானம் செய்ய வந்தார். “ஐயா, அந்தக் குறள்ல இன்னிக்கும் எனக்கு மூணு சீர்தான் தெரியும்” என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவருடைய மகளை ஞாயிறு வகுப்புக்கு அனுப்பச் சொன்னேன். “மேடை ஏத்தமாட்டீங்கன்னா அனுப்புறேன்” என்றார். அந்தப் பிள்ளைக்காக நான் மாற்றிக்கொண்ட முறைகளையே இங்கு எழுதுகிறேன்.

முதலாவது, தட்டிப் பார்த்தல். செய்யுளின் ஓசை அசைகளால் ஆனது. ஒரு குறிலோ நெடிலோ தனியாகவோ ஒற்றுடனோ வந்தால் நேரசை. இரு குறில்கள் அல்லது குறிலும் நெடிலும் சேர்ந்து, தனியாகவோ ஒற்றுடனோ வந்தால் நிரையசை. நேருக்கு ஒரு தட்டு, நிரைக்கு இரண்டு தட்டு என்று வைத்துக்கொண்டோம். பாடநூலைத் திறக்கவே இல்லை; நம் இரயில் பாதையிலுள்ள ஊர்ப்பெயர்களை எடுத்துக்கொண்டோம். லாபிஸ், பெக்கோக், பாலோ ஆகிய மூன்றும் நேர் நேர். அந்த வாய்பாட்டுக்குப் பெயர் தேமா, அதாவது இனிப்பு மாமரம். சிகாமட், குளுவாங் இரண்டும் நிரை நேர், அது புளிமா. பிறகு அவரவர் பெயரைத் தட்டினார்கள். முருகன் புளிமா, மாலதி கூவிளம். கூவிளம் என்பது சிவபெருமானுக்குச் சாத்தும் வில்வம் என்று சொன்னதும் மாலதி என்ற பெயருடைய பிள்ளைக்கு ஒரே பெருமை. யாப்பிலக்கணம் என்ற சொல்லே எழாமல் அரைமணி நேரத்தில் அதன் வாசலைக் கடந்துவிட்டார்கள்.

இரண்டாவது, அடுக்கிப் பார்த்தல். நாங்கள் சிறுவர்களாக இருந்தபோது ரப்பர் கொட்டைகளை வைத்து விளையாடினோம். இன்று பல தோட்டங்கள் செம்பனையாகிவிட்டதால் புளியங்கொட்டை போதும். மேலே நான்கு, கீழே மூன்று என்று வைக்க வேண்டும். 133 அதிகாரங்கள், 1330 குறள்கள். அத்தனையும் இந்த ஏழு கொட்டைக்குள் அடங்கும். ஒவ்வொரு சீரையும் சொல்லும்போது ஒரு கொட்டையைத் தொட வேண்டும். ஏழாவது சீர் மட்டும் ஏன் சட்டென்று முடிகிறது என்று ஒரு பையன் கேட்டான். வெண்பாவின் ஈற்றுச் சீர் குறுகி நிற்கும் என்ற விதியை அவனே விரலால் கண்டுபிடித்துவிட்டான். நான் ஆமாம் என்று மட்டும் சொன்னேன்.

மூன்றாவது, தேடிப் பார்த்தல். முதலெழுத்து ஒன்றி வருவது மோனை. இரண்டாம் எழுத்து ஒன்றி வருவது எதுகை. இதற்கு வீட்டுச் சமையலறையே பள்ளிக்கூடம். கத்தரியும் கடுகும் மோனை. தேங்காயும் மாங்காயும் எதுகை. பருப்பும் நெருப்பும் அப்படியே. வாரம் ஐந்து சோடி கொண்டுவரச் சொன்னால் பத்து கொண்டுவருகிறார்கள். அம்மாவும் பாட்டியும் கூடவே தேடுகிறார்கள். அந்தப் பாட்டியிடம் ஒரு தாலாட்டைப் பாடச் சொல்லி, பாடியவர் பெயரோடு குறிப்பேட்டில் எழுதி வருவது அடுத்த பாடம். பால்மரம் வெட்டிய தலைமுறையின் பாட்டு எந்த அச்சுப் புத்தகத்திலும் முழுமையாக இல்லை. அவர்கள் இருக்கும்போதே கேட்டால்தான் உண்டு.

நான்காவது, வரைந்து பார்த்தல். திருஞானசம்பந்தரும் திருமங்கையாழ்வாரும் அருணகிரிநாதரும் திருவெழுகூற்றிருக்கை பாடியுள்ளனர். எண்கள் ஒன்றிலிருந்து படிப்படியாக ஏழு வரை ஏறி இறங்கும் அமைப்பு அது. அதனைத் தேர் வடிவில் வரைவது மரபு. பெரிய தாளில் ஒரு தேரை வரைந்து, அதன் தட்டுகளில் எண்களை மட்டும் எழுதிக் கொடுத்தேன். தம் வீட்டில் ஒன்றாக உள்ளது எது, இரண்டாக உள்ளது எது என்று பிள்ளைகள் நிரப்பினார்கள். திருவிழாவில் தேர் இழுக்கும் கைகளுக்கு அந்த வடிவம் நன்றாகப் புரிந்தது.

இவை எல்லாம் முடிந்த பிறகே மனனம். அதையும் கைவேலையாகவே செய்கிறோம். செய்யுளைப் பலகையில் எழுதி எல்லாரும் வாசிப்போம். ஒரு பிள்ளை வந்து ஒரு சொல்லை அழிக்கும், மறுபடி வாசிப்போம். சொற்கள் ஒவ்வொன்றாகக் குறைந்து, கடைசியில் வெறும் பலகையைப் பார்த்து முழுச் செய்யுளையும் சொல்வார்கள். மனனம் செய்தோம் என்பதே அவர்களுக்குத் தெரியாது.

மனனம் வேண்டாம் என்பவன் அல்லன் நான். மலேசிய இந்து சங்கம் ஆண்டுதோறும் நடத்தும் திருமுறை ஓதும் விழாவுக்கு நம் பிள்ளைகள் செல்ல வேண்டும், பரிசும் பெற வேண்டும். ஔவையாரின் ஆத்திசூடி 109 சிறு அடிகளாக அகர வரிசையில் அமைந்திருப்பதே குழந்தையின் நாவில் நிற்பதற்காகத்தானே! ஆனால் ஓசையும் பொருளும் கைக்குப் பழகிய பின் வரும் மனனம் அச்சத்தால் உதிராது. நம் தமிழ்ப்பள்ளிகளின் பாடத்திட்டத்தில் ‘செய்யுளும் மொழியணியும்’ என்ற பகுதி இருக்கிறது. 2021ஆம் ஆண்டு யூ.பி.எஸ்.ஆர். தேர்வு நீக்கப்பட்டபின், விடைத்தாளுக்காக அவசரப்படுத்த வேண்டிய கட்டாயமும் குறைந்துள்ளது. ஆசிரியர்களும் பெற்றோரும் இதனை ஒரு வாய்ப்பாகக் கொள்ளலாம்.

நன்கொடையாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். இதற்குக் கட்டடம் வேண்டியதில்லை. ஒரு படி புளியங்கொட்டை, கொஞ்சம் தாள், வண்ணப் பென்சில் போதும். அதைவிட, ஞாயிறு காலை ஒரு மணி நேரம் வந்து பிள்ளைகளோடு உட்காரும் பெரியவர்கள் வேண்டும். பாட்டு தெரிந்த பாட்டிமார் வந்தால் இன்னும் சிறப்பு.

அந்தத் தந்தையார் சென்ற மாதம் மகளை அழைத்துப்போக வந்தார். அவள் அவரைத் தரையில் உட்கார வைத்து, ஏழு கொட்டைகளை முன்னால் அடுக்கினாள். அவர் மூன்றைத் தொட்டுச் சொன்னார். நான்காவதில் விரல் நின்றது. மகள் அந்தச் சீரைச் சொல்லவில்லை. அதன் அசைகளை மெல்லத் தட்டிக் காட்டினாள். சிறிது நேரம் பொறுத்து அவர் வாயிலிருந்து அது வந்தது. மீதி மூன்றும் தானாக வந்தன.

அவளை மேடை ஏற்றலாமா என்று நான் கேட்கவில்லை. அதை அவளே ஒருநாள் கேட்கட்டும். எல்லாம் வல்ல இறைவன் நம் பிள்ளைகளுக்குத் தமிழும் நலமும் அருள்வானாக!