வீட்டுக் கம்பியில்லா இணையம்: பூட்டும் திறவுகோலும்

விருத்தாசலத்தில் பீங்கான் தொழில் புரிவோரும், சுற்றுப்புறக் கிராமங்களில் முந்திரி பயிரிடுவோரும் இன்று கைப்பேசியிலேயே விலை விசாரிக்கின்றனர், பணமும் பெறுகின்றனர். இதன்பொருட்டுப் பல வீடுகளில் வைஃபை ரூட்டர் அமைந்துள்ளது. அதன் அலை சுவரோடு நின்றுவிடுவதில்லை, தெருவரை செல்லும். ஆதலின் அதற்குப் பூட்டு அவசியம்.

பூட்டாவிடில் நேர்வது யாது? 2008 ஜூலை 26 அன்று ஆமதாபாத்தில் குண்டுகள் வெடிப்பதற்குச் சில நிமிடங்கள் முன்பு, பயங்கரவாதிகள் செய்தி நிறுவனங்களுக்கு மின்னஞ்சல் விடுத்தனர். அது நவி மும்பையில் குடியிருந்த ஓர் அமெரிக்கரின் பூட்டப்படாத வைஃபை வழியாகச் சென்றிருந்தது. குற்றத்தில் யாதொரு தொடர்புமற்ற அவர் காவல்துறையின் விசாரணைக்கு உள்ளாக நேர்ந்தது.

நம்மவர் பலர் தம் கைப்பேசி எண்ணையே கடவுச்சொல்லாக வைத்து விடுகின்றனர். இது பூட்டி, சாவியைப் பூட்டிலேயே தொங்கவிடுவதற்கு ஒப்பாகும். இன்றும் பரவலாக வழங்கும் டபிள்யூ.பி.ஏ.2 என்னும் காப்புமுறையில், இணைப்புச் சமயத்தில் பரிமாறப்படும் குறிப்பைக் காற்றிலிருந்து பிடித்துக்கொண்டு, பத்து இலக்க எண்கள் அனைத்தையும் கணினியால் சில மணி நேரத்தில் சோதித்துவிடலாம். கடவுச்சொல் 8 முதல் 63 எழுத்துகள் வரை இருக்கலாம். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நான்கைந்து சொற்களை ஆங்கில எழுத்தில் கோத்துக்கொண்டால் மறக்காது. பிறர் ஊகிப்பதும் அரிது. 2018இல் வந்த டபிள்யூ.பி.ஏ.3 ரூட்டரில் இருப்பின் அதனையே தெரிவு செய்க. டபிள்யூ.இ.பி. என்னும் பழைய முறை 2001லேயே உடைக்கப்பட்டது. அது மட்டுமே உள்ள கருவியை மாற்றிவிடுதல் நலம்.

இத்துணை நீண்ட சொல்லை வரும் உறவினருக்கெல்லாம் எழுத்துக்கூட்டிச் சொல்வதெப்படி? சொல்லவே வேண்டியதில்லை. புதிய கைப்பேசிகள் பலவற்றில் வைஃபை அமைப்பைத் திறந்து 'பகிர்' என்பதைத் தொட்டால் கியூ.ஆர். கட்டம் தோன்றும்; விருந்தினர் அதனைப் படம்பிடித்தாற் போதும். டபிள்யூ.பி.எஸ். என்னும் எட்டு இலக்கப் பின் எண் வழியும் எளிதே. ஆயினும் அது வேண்டாம். அவ்வெண் இரு பாதிகளாகச் சரிபார்க்கப்படுவதால் 11,000 முயற்சிகளுக்குள் திறந்துவிடும் என்பது 2011இல் வெளிப்பட்டது.

ஊராட்சி அலுவலகங்களுக்கு ஒரு சொல்: கணக்குகள் உள்ள கணினிக்கு ஓர் இணைப்பும், வருவோருக்கு 'விருந்தினர் இணைப்பு' என வேறொன்றும் வைத்துக்கொள்க. ரூட்டரை இயக்கும் 'அட்மின்' கடவுச்சொல் வேறு, வைஃபை கடவுச்சொல் வேறு. முன்னதையும் மாற்றியாயிற்றா என்று, கருவியைப் பொருத்த வரும் பணியாளர் புறப்படுமுன் கேட்டுக்கொள்க.