மகுடம் சூடியவளையும் விடாத கண்கள்



பாபநாசத்தில் மாலை நேர மத்ரஸாவில் சிறுமியருக்குப் பாடம் சொல்லித் தருபவள் நான். சென்ற ஆண்டு ஒருநாள் பாடம் முடிந்து எல்லாரும் எழுந்து போன பின்னும், 12 வயதுச் சிறுமி ஒருத்தி மட்டும் போகாமல் நின்றாள். "எனக்கு ஒரு துஆ சொல்லித் தருவீர்களா?" என்று கேட்டாள். "எதற்கம்மா?" என்றேன். "நான் வெள்ளையாக வேண்டும்" என்றாள்.

விசாரித்தபோது விவரம் தெரிந்தது. மறுவாரம் அவளுடைய அக்காவைப் பெண் பார்க்க வருகிறார்கள். அக்கா சிவப்பு; இவள் மாநிறத்துக்கும் சற்றுக் கீழே. வருகிறவர்கள் தங்கையைப் பார்த்தால் அக்காவின் நிறத்தையும் சந்தேகிப்பார்களாம். ஆகவே, அன்று பக்கத்து வீட்டில் இருந்துகொள்ளும்படி அவளிடம் சொல்லிவிட்டார்கள்.

அந்தக் குழந்தை தன் கல்வியில் குறை காணவில்லை. குணத்தில் குறை காணவில்லை. இறைவன் தந்த தோலில் குறை கண்டாள். இந்த அளவுகோலை அவள் கையில் கொடுத்தவர் யார்? சற்றே சிந்திப்போம்.

நிறத்தைப் பார்த்துப் பெண் எடுக்கும் வழக்கம் நம்மிடையே நெடுங்காலமாக உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பழைய நோய்க்கு மேடையும் விளக்கும் அமைத்துக் கொடுத்தது நம் காலத்து வணிகம்.

1994ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். மே மாதம் மணிலாவில் சுஷ்மிதா சென் பிரபஞ்ச அழகியானார். நவம்பர் மாதம் தென்னாப்பிரிக்காவின் சன் சிட்டியில் ஐஸ்வர்யா ராய் உலக அழகியானார். 1994 முதல் 2000 வரையிலான ஏழே ஆண்டுகளில் நான்கு உலக அழகிப் பட்டங்களும் இரண்டு பிரபஞ்ச அழகிப் பட்டங்களும் இந்தியாவுக்கு வந்தன. அதற்கு முன்பு 1966இல் ரீட்டா ஃபாரியா என்னும் மருத்துவ மாணவி ஒருவர்தாம் இந்தியாவிலிருந்து உலக அழகிப் பட்டம் பெற்றிருந்தார். அவரும் திரைப்படத்தையும் விளம்பரத்தையும் நாடாமல், படிப்பை முடித்து மருத்துவரானார். இடையில் பல ஆண்டுகள் கிட்டாத மகுடம், 1991இல் நம் சந்தை உலக நிறுவனங்களுக்குத் திறந்துவிடப்பட்ட பின்பு அடுத்தடுத்துக் கிட்டியது ஏன்? இந்தியப் பெண்கள் திடீரென அழகாகி விட்டார்களா, அல்லது அழகுப் பொருள்களுக்கு இந்தியா பெரிய சந்தையாகி விட்டதா? இந்தக் கேள்வியை அன்றே பலர் எழுப்பினார்கள்.

1996 நவம்பரில் உலக அழகிப் போட்டி பெங்களூரில் நடந்தபோது எழுந்த எதிர்ப்பு பலருக்கும் நினைவிருக்கலாம். கொள்கையில் எதிரெதிர் துருவங்களாக நின்ற அமைப்புகள்கூட இதில் ஒரே குரலில் பேசின. நம் மதுரையில் ஓர் இளைஞர் தீக்குளித்து உயிரையே விட்டார். உயிரை மாய்த்துக்கொள்வதை நாம் ஏற்க இயலாது. அந்தத் தாயின் துயரை எண்ணி வருந்தத்தான் முடியும். நீச்சல் உடைச் சுற்று மட்டும் செஷல்ஸ் தீவுக்கு மாற்றப்பட்டது. போட்டி நடந்து முடிந்தது. கிரேக்க நாட்டுப் பெண் மகுடம் சூடினார்.

சரி, மகுடம் சூடியவர்களாவது நிம்மதியாக வாழ விடப்பட்டார்களா?

பிரான்ஸ் நாட்டின் கேன்ஸ் நகரில் ஆண்டுதோறும் திரைப்பட விழா நடைபெறுகிறது. அங்கே விரிக்கப்படும் சிவப்புக் கம்பளத்தில் நட்சத்திரங்கள் நடந்து வருவதை உலகமே பார்க்கிறது. 2002 முதல் அக்கம்பளத்தில் நடந்தவர் ஐஸ்வர்யா ராய். 2011 நவம்பரில் அவர் தாயானார். ஆறு மாதம் கழித்து 2012 மே மாதம் அதே கம்பளத்தில் அவர் வந்தபோது, பிள்ளை பெற்ற உடம்பின் பருமனைச் சுட்டிக்காட்டி எத்தனை ஏளனம்! உலகிலேயே அழகானவள் என்று கொண்டாடிய அதே கண்கள், தாய்மையின் அடையாளத்தைக் குற்றமாகப் பார்த்தன.

2021 டிசம்பரில் பிரபஞ்ச அழகியான ஹர்னாஸ் சந்துவின் கதையும் இதுவே. சில மாதங்களில் அவர் உடல் எடை கூடியது. கேலி பெருகியது. கோதுமையில் உள்ள ஒரு புரதத்தை ஏற்காத நோய் தமக்கு உண்டென்று அவர் வெளிப்படையாகச் சொல்ல வேண்டியதாயிற்று. நோயாளி தன் நோயைச் சொல்லி மன்னிப்பு வாங்க வேண்டிய நிலை!

அதே கேன்ஸ் விழாவில் 2015இல், குதிகால் உயர்ந்த செருப்பு அணியவில்லை என்பதற்காகச் சில பெண்கள் வாசலில் தடுக்கப்பட்டதாகச் செய்தி வந்தது. மறு ஆண்டு நடிகை ஜூலியா ராபர்ட்ஸ் அந்தப் படிகளில் வெறுங்காலுடன் ஏறினார். அங்கே ஒரு பெண் தன் காலைத் தரையில் பதிப்பதுகூடச் செய்தியாகிவிட்டது.

சகோதரிகளே! இவர்கள் உடையும் வாழ்வும் நமக்கு உடன்பாடானவை அல்ல. ஆனால் இங்கே நான் அவர்களைக் குறைகூற வரவில்லை. அவர்களை நிறுத்த அதே தராசில் நம் பெண்மக்களை நிறுப்பது யார் என்று கேட்கவே வந்தேன். சிவப்புக் கம்பளம் கேன்ஸில் மட்டுமா இருக்கிறது? நம் ஊர்த் திருமண மண்டபங்களிலும் வாசல் முதல் மேடை வரை அதை விரிக்கிறோம். கண் கூசும் விளக்குகளின் கீழ் மணப்பெண்ணை நாற்காலியில் அமர்த்துகிறோம். முகத்துக்கு ஒரு நிறம், கைக்கு வேறொரு நிறமாகும்படி பூச்சுப் பூசுகிறோம். வரிசையில் வருகிற நாமே, "பெண் கொஞ்சம் குட்டை", "நிறம் மட்டு", "மாப்பிள்ளைக்கு இன்னும் நல்ல இடம் கிடைத்திருக்கும்" என்று தீர்ப்பு எழுதிவிட்டு விருந்துக்குப் போகிறோம். பெங்களூரில் நடுவர்கள் ஒரு சிலர். இங்கே பந்தியில் அமர்ந்த அத்தனை பேரும் நடுவர்கள்!

இந்தத் தீர்ப்புக்கு அஞ்சித்தான் பூச்சுகள் வீட்டுக்குள் நுழைகின்றன. ஊர் திரும்பும் சபுராளிகளின் பெட்டிகளில் முகவரியில்லாத வெளுப்புக் களிம்புகள் வருகின்றன. அவற்றில் சிலவற்றில் பாதரசம் கலந்திருக்கிறது. தோலுக்கு நிறம் தரும் மெலனின் உண்டாவதைப் பாதரசம் தடுக்கும். அதனால் சில வாரங்களில் வெளுப்புத் தெரியும். ஆனால் அது தோல் வழியே இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைத் தாக்கும்.

நமக்கு அண்டை மாநிலமான கேரளத்தின் மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல்லில் மருத்துவர்கள் கண்டதைக் கேளுங்கள். 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை, சிறுநீரில் புரதம் ஒழுகும் ஒருவகைச் சிறுநீரக நோயுடன் 22 பேர் வந்தார்கள். அவர்களில் 15 பேருக்கு அந்நோயின் அரிதான வகை இருந்தது. அந்தப் 15 பேரில் 13 பேர் வெளுப்புக் களிம்பு பூசியவர்கள். களிம்பை நிறுத்தியதும் பெரும்பாலோர் தேறினார்கள் என்பது ஆறுதல். சிறுநீர் நுரைத்து வந்தாலும் கால் வீங்கினாலும் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். பூசும் களிம்பையும் மறைக்காமல் சொல்லுங்கள். முகத்துக்கென்று விற்கும் ஸ்டீராய்டு பூச்சுகளும் தோலை மெலியச் செய்பவையே. அவற்றில் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாதென்று 2018இலேயே அரசு ஆணையிட்டது.

விளம்பர உலகமும் சற்று வெட்கப்பட்டிருக்கிறது. 1975 முதல் விற்ற 'ஃபேர் அண்ட் லவ்லி', 2020இல் 'க்ளோ அண்ட் லவ்லி' ஆனது. கறுப்பு நிறத்தவரைத் தாழ்வாகக் காட்டக்கூடாதென்று இந்திய விளம்பரத் தர மன்றம் 2014இல் விதி வகுத்தது. அதற்கும் முன்பு, 2009இலேயே சென்னையில் ஒரு பெண்கள் அமைப்பு, கறுப்பும் அழகே என்ற இயக்கத்தைத் தொடங்கியிருந்தது. புட்டியின் பெயரை நிறுவனம் மாற்றிவிட்டது. நம் நாவின் பேச்சை மாற்ற வேண்டியவர்கள் நாம் அல்லவா?

நாயகம் (ஸல்) அவர்களின் பள்ளிவாசலைக் கூட்டித் துப்புரவு செய்துவந்த கறுப்பு நிறப் பெண்மணியின் வரலாறு நாம் அறிந்ததே. ஓரிரவு அவர் இறந்தார். அது சிறிய செய்தியென எண்ணித் தோழர்கள் தாங்களே அடக்கம் செய்துவிட்டனர். அண்ணலார் அவரைக் காணாமல் விசாரித்தார்கள்; தமக்கு ஏன் அறிவிக்கவில்லை என்று கேட்டார்கள்; அவருடைய கப்ரைத் தேடிச் சென்று தொழுதார்கள். பிறர் சிறிதென்று விட்ட ஒருவரைப் பெரிதென்று தேடிச் சென்ற வழியே நம் வழி.

நாம் வாழ்வது நெல் விளையும் பூமி. கரிய வண்டலைக் கண்டு எந்த உழவரும் முகம் சுளிப்பதில்லை. அரிசியை வெளுக்க வெளுக்கத் தீட்டினால் தவிட்டோடு சத்தும் போய்விடும் என்பதை நம் வீட்டுப் பெரியவர்கள் அறிவார்கள். மண்ணுக்கும் அரிசிக்கும் அறிந்த உண்மையைப் பெண்ணுக்கு மட்டும் மறப்பதேன்?

அந்தச் சிறுமிக்கு வருவோம். அவளுடைய தாயாரிடம் பேசினேன். "என்னையும் இப்படித்தான் ஒதுக்கினார்கள்" என்று அவர் அழுதார். பெண் பார்க்க வந்த அன்று மகளை வீட்டிலேயே வைத்துக்கொண்டார். வந்தவர்கள் மனநிறைவோடு பேசி முடித்தார்கள். தங்கையின் நிறத்தால் எதுவும் நின்றுவிடவில்லை. ஆனால் திருமணத்தன்று மேடையில் பெண்கள் சேர்ந்து படம் எடுத்தபோது, அவள் பின்வரிசைக்குப் போய் நின்றாள். யாரும் சொல்லவில்லை, தானாகவே போனாள்.

அவள் கேட்ட துஆவை நான் கற்றுத் தரவில்லை. துஆ தேவைப்படுவது அவள் தோலுக்கன்று, நம் பார்வைக்கு. அடுத்த திருமணத்தில் உங்கள் வீட்டுப் பெண்பிள்ளை பின்வரிசைக்கு ஒதுங்கினால், அவள் கையைப் பிடித்து முன்னே நிறுத்துங்கள். பெண் பார்க்கப் போகும்போது நிறத்தைப் பற்றி ஒரு சொல்லும் பேசுவதில்லை என்று வீட்டிலேயே உறுதி செய்துகொண்டு புறப்படுங்கள். வல்ல இறைவன் நம் கண்களுக்கு நேரிய பார்வையை அருள்வானாக!